இரண்டு கச்சேரிக்கும் சேராத பிள்ளை

கண்டக்குழிக் கரையில் நான் முதலில் கண்ட பிள்ளை ஒரு கயிற்றின் நுனியில் இருந்தது. மறு நுனியை ஓலை வாடியின் நடுக்கம்பில் முடிந்திருந்தார்கள். பெண் பிள்ளை, இரண்டு வயது நிறைந்திருக்கும். இடுப்பில் பழைய வலைக்கயிறு, கையில் ஒரு நண்டு ஓடு. என்னைக் கண்டதும் அது அழவில்லை, சிரிக்கவில்லை, கயிறு விட்ட தூரத்துக்காவது நகர்ந்து பார்க்கவும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் குடையை மடக்காமலே வாடிக்குள் நுழைந்தேன். குடை ஓலையில் மாட்டிக் கிழிந்தது. அந்த ஆத்திரத்தையும் சேர்த்துத் தாயின்மேல் காட்டினேன்.

"புள்ளயா, மாடா இது? கட்டி வச்சிருக்கிறீங்க?"

தாய்க்காரி வாசலில் நின்றாள். முழங்கை வரை உப்பும் மீன் செதிலும். என்னைவிட ஐந்தாறு வயது இளையவளாக இருப்பாள்.

"கட்டாட்டிக் கடலுக்குப் போயிரும் மிஸி. போன வருசம் அந்தா அந்த வாடியில ஒண்டு போச்சு" என்றாள்.

சொல்லிவிட்டுத் திரும்பி மீன் கிழிக்கப் போய்விட்டாள்.

அப்போது நான் அரசாங்க மருத்துவிச்சி. சிலாபத்துக்குத் தெற்கே ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, கன்னியாஸ்திரிகளிடம் இங்கிலீசு படித்து, கொழும்பில் பயிற்சி எடுத்துக் கல்பிட்டிக்கு வந்திருந்தேன். வெள்ளைச் சேலையும் தோல் பெட்டியும் இருந்தபடியால் கரையில் எல்லோருக்கும் நான் 'மிஸி'. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம்; அரிசிக்கும் கூப்பன், சீலைக்கும் கூப்பன். பிள்ளையை எடுத்துக் கழுவித் தாயின் கையில் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று சுகாதாரக் கந்தோர் அதிகாரிகள் நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பிறந்த பிள்ளை இரண்டு வயதில் எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்க்காவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. இந்தக் குணத்தால் எனக்கு ஒரு நன்மையும் நடந்ததாக ஞாபகம் இல்லை.

ஐப்பசி பிறந்து மேற்குக் கடல் அடங்கியதும் சிலாபத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சட்டிபானை, கோழி, மாதா சுரூபம் எல்லாவற்றையும் தோணியில் ஏற்றிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்துவிடும். மணலில் கம்பு நட்டு ஓலை மேய்ந்து குடில் போடுவார்கள். அதுதான் வாடி. சித்திரை கழிந்து கடல் பொங்கத் தொடங்கியதும் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்புவார்கள். இங்கே அரை வருடம், அங்கே அரை வருடம். ஆண்கள் கடலில் கிடப்பார்கள். பெண்களுக்கு விடிந்தது முதல் பொழுது சாயும்வரை மீன் கிழிப்பது, உப்புப் போடுவது, பாயில் பரப்புவது, புரட்டுவது, காகம் விரட்டுவது. பால்குடிப் பிள்ளை தாயோடு இருக்கும். ஓடித் திரிகிற பிள்ளை தன்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். இடையில் கிடக்கிற ஒரு வயது, இரண்டு வயது, மூன்று வயதுகள்தான் கயிற்றில்.

அந்தப் பெண் பிள்ளையைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துத் தலை முதல் கால் வரை பார்த்தேன். எலும்பில் குறை இல்லை. காது கேட்டது. ஒரு வயதில் மலேரியாக் காய்ச்சல் வந்து தேறிய உடம்பு. அதற்குப் பிறகு கஞ்சித் தண்ணீரைத் தவிர வேறொன்றும் ஒழுங்காக உள்ளே போகவில்லை. கால்கள் குச்சியாக இருந்தன. நிற்க வைத்தால் மடிந்து உட்கார்ந்தது. 'அம்மா' என்றுகூடச் சொல்லவில்லை. சொல்ல எப்படித் தெரியும்? காலை முதல் மாலை வரை அதனோடு ஒரு வார்த்தை பேச அங்கே ஆள் இல்லை. நல்ல சாப்பாடும், கயிறில்லாத இடமும், கதைக்க ஒரு வாயும் கிடைத்தால் இந்தப் பிள்ளை நடக்கும் என்று எனக்குத் தெரிந்தது. இவற்றில் எதுவும் வானத்திலிருந்து கொண்டுவர வேண்டிய பொருள் இல்லை. கருவாட்டு வியாபாரிகளுக்கே வசதி செய்து கொடுக்கிற அரசாங்கம் பிள்ளைக்குச் செய்யாதா என்று நினைத்தேன். அப்போது எனக்கு அரசாங்கத்தின்மேல் அவ்வளவு நம்பிக்கை.

முதலில் யாரையும் கேட்காமலே தொடங்கினேன். கரையில் ஒரு வாடி வெறுமையாகக் கிடந்தது. தோணி ஏற்றும்போது கை நசுங்கிய ஒருவரின் மனைவி, அந்தப் பருவம் வேலையில்லாமல் இருந்தாள். அவளைப் பிடித்து, "நீ சும்மா இருந்து இந்தப் புள்ளைகளைப் பாத்துக்கொள்" என்றேன். "சும்மா இருக்க நான் என்ன விதானையாரா?" என்று ஊர்த் தலைமைக்காரரையும் ஒரு குத்துக் குத்திவிட்டு ஒத்துக்கொண்டாள். மற்றப் பெண்கள் தங்கள் மீனில் அவளுக்குப் பங்கு கொடுப்பதாகப் பேச்சு. கல்பிட்டி ஆஸ்பத்திரி டொக்டரிடம் போய் நின்றேன். அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பால்மா டின் இருக்கிற அலுமாரி திறந்திருக்கு, நான் ஒண்டையும் காணேல்ல" என்றார். நல்ல மனிதர். நாலு டின்னைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தேன்.

இப்படித்தான் பிள்ளைக் கொட்டில் தொடங்கியது. வாசலுக்குக் குறுக்கே ஒரு பழைய வலையைக் கட்டினோம். உள்ளே கயிறில்லை. காலையில் பால், மத்தியானம் மீன் போட்ட சோற்றுக்கஞ்சி. கருவாடு நிறுக்கிற தராசில் ஒரு தட்டில் பிள்ளை, மறு தட்டில் படிக்கல். எல்லாப் பிள்ளைகளும் சில நாளில் மீன் மணத்தோடு சேர்ந்து பால் மணமும் மணத்தன. அந்தக் கை நசுங்கியவரின் மனைவி ஓயாமல் கதைக்கிறவள். காகத்தை ஏசுவாள், கடலை ஏசுவாள், புருஷனை ஏசுவாள், கேட்க வேறு ஆள் இல்லாதபடியால் எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுவாள். எனக்குத் தெரிந்து அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் கிடையாது.

ஆறாவது கிழமை நான் போனபோது அந்தப் பெண் பிள்ளை தண்ணீர்ப் பீப்பாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒரு மாதா மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம் நின்றிருக்கும். பிறகு பொத்தென்று உட்கார்ந்து, பாயில் இறங்கிய காகத்தைப் பார்த்துக் கையை நீட்டி, "போ சனியன்" என்றது. அதன் வாயிலிருந்து வந்த முதல் கதை அதுதான்.

தாய்க்காரி மீன் கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "மிஸி, பாருங்க, பாருங்க மிஸி, கதைக்கிறாள்!" என்று என் வெள்ளைச் சேலையைப் பிடித்து உலுக்கினாள். சேலை முழுக்கச் செதில். நான் ஏசவில்லை. அன்று திரும்பி வரும் வழி முழுக்க மணலில் நடக்கிற களைப்பே தெரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் நான் பிழைவிட்டேன். சும்மா இருந்திருக்கலாம். என் வாய்தான் சும்மா இருக்காதே. கரையெல்லாம் இப்படிக் கொட்டில்கள் வர வேண்டும், அரசாங்கம் அதை எடுத்து நடத்த வேண்டும் என்று புத்தளத்துக் கந்தோருக்கு இங்கிலீசில் மூன்று பக்கம் எழுதினேன். பிள்ளை நின்றது, பேசியது, பால்மா எங்கிருந்து வந்தது, எல்லாவற்றையும் பெருமையாக எழுதினேன்.

பதில் உடனே வந்தது. அவ்வளவு விரைவாக எனக்கு அதற்கு முன்னும் பின்னும் ஒரு பதில் வந்ததில்லை. ஆஸ்பத்திரிப் பால்மா ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கானது. அதை வெளியே கொண்டுபோக யார் அனுமதித்தது என்று விளக்கம் எழுத வேண்டும். அனுமதியில்லாத கொட்டிலை உடனே மூட வேண்டும். டொக்டருக்கும் ஒரு கடிதம் போயிருந்தது. அவர் அன்றைக்கே அலுமாரிக்குப் பூட்டுப் போட்டார். பாலில்லாத கொட்டிலுக்கு எதற்கு மீன் பங்கு என்று பெண்கள் பின்வாங்கினார்கள். ஒரு கிழமையில் பிள்ளைகள் மறுபடியும் கயிற்றுக்குப் போய்விட்டன.

சரி, முறைப்படியே கேட்போம் என்று இறங்கினேன். அந்தக் காலத்தில் பட்டணங்களில் அரசாங்கப் பால் நிலையங்கள் இருந்தன. சின்னப் பிள்ளைகளைப் பதிந்து, காலையில் பால் கொடுப்பார்கள். கண்டக்குழிக் கரைக்கும் ஒன்று வேண்டும், பிள்ளைகளைப் பார்க்க ஒரு பெண்ணும் வேண்டும் என்று பெட்டிசம் எழுதினேன். அதை விதானையார் சிபாரிசு செய்து, சுகாதார இன்ஸ்பெக்டர் கண்டு, டொக்டர் கையெழுத்து வைத்து, பிறகுதான் மாவட்டத்துப் பெரிய அரசாங்கக் கந்தோரான கச்சேரிக்குப் போகலாம். விதானையாரின் கையெழுத்துக்கு மட்டும் நாலு முறை அலைந்தேன்.

"மிஸி, நீங்க காலத்தோட ஒரு கலியாணத்தக் கட்டி ஒண்டப் பெத்துக்கொண்டா இந்த வருத்தம் தீந்துபோகும்" என்றார் அவர், கதிரையில் சாய்ந்துகொண்டு.

"ஐயா ஒம்பது பெத்தீங்களே, எத்தினையைத் தூக்கினீங்க?" என்றேன்.

அந்த வாய்க்காக ஐந்தாவது முறையும் அலைய வேண்டி வந்தது.

கடைசியில் புத்தளத்துக் கச்சேரி பதில் எழுதியது. இந்தப் பிள்ளைகள் இந்தப் பகுதியின் நிரந்தரக் குடிகள் அல்லர். அவர்களுடைய பால் சிலாபத்துப் பகுதியின் பொறுப்பு. சிலாபத்துக் கச்சேரிக்கு எழுதினேன். அங்கே ஊரில் ஒரு பால் நிலையம் உண்டு, பிள்ளைகளின் பெயரும் இடாப்பில் ஏறியிருந்தது; ஆனால் மூன்று முறை தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை வெட்டிவிடுவது விதி. ஐப்பசியில் புறப்பட்ட பிள்ளை கார்த்திகையில் எப்படிப் போய்ப் பால் குடிக்கும்? வெட்டிவிட்டார்கள். பெயர் வெட்டப்பட்ட பிள்ளைக்கு அங்கே பொறுப்பில்லை. ஊரில் பெயர் இருந்த பிள்ளைக்கு இங்கே பொறுப்பில்லை. பிள்ளை ஒன்றுதான், அதே வயிறுதான் அங்கும் இங்கும் போய் வருகிறது. இதை இரண்டு கச்சேரிக்கும் விளங்கப்படுத்த முயன்றது கல்லில் நார் உரிக்கிற வேலையாக இருந்தது. ஒரு படிவத்தில் வாடியின் வீட்டு இலக்கம் கேட்டிருந்தார்கள். வாடிக்கு இலக்கம் போட்டால் சித்திரையில் அதைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று எழுதினேன். அதற்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

இதற்குள் ஒரு பருவம் முடிந்து, வாடிகள் கழன்று, மறுபடியும் ஐப்பசி வந்து, மறுபடியும் கம்பு நட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு மூன்று வயது. பீப்பாவைப் பிடித்து நின்றதெல்லாம் மறந்துபோய்விட்டது அதற்கு. கயிறு மட்டும் கொஞ்சம் நீளமாகியிருந்தது.

எனக்கு எரிச்சல். கச்சேரியின்மேல் காட்ட முடியாத எரிச்சலை எல்லாம் பெண்கள்மேல் காட்டினேன் என்று இப்போது தெரிகிறது. வாடி வாடியாகப் போய் ஏசுவேன். "இதென்ன மூக்கு, துடைக்க மாட்டீங்களா? இதென்ன வயிறு, புழு மருந்து குடுத்தீங்களா? புள்ள நோஞ்சானாக் கெடந்தா ஆருக்குக் குறை? பெத்தவளுக்குத்தானே குறை!" என்று சத்தம் போடுவேன். அவர்கள் தலையைக் குனிந்து கேட்பார்கள். ஏச்சு வேலை செய்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நான் எழுதின எழுத்தில் கொழும்பிலிருந்த பெரிய டொக்டர் துரைக்கே அலுத்துப்போயிருக்க வேண்டும். தானே வந்து பார்ப்பதாகக் கடிதம் அனுப்பினார். கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். அவர் வருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சனங்கள் கோயிலை விட்டு வெளியே வந்ததும், பெண்களை மறித்து நின்று சொன்னேன்.

"துரை வாறார். அவர் கண்ணால கண்டு எழுதினாத்தான் பால் வரும், கொட்டில் வரும். புள்ளைகளக் குளிப்பாட்டி, சவுக்காரம் போட்டு, நல்ல சட்டை போட்டு நிப்பாட்டுங்க. நம்மள ஊத்தைச் சனம் எண்டு நெனச்சிரக் கூடாது. என்ர மானத்தையும் காப்பாத்துங்க."

"ஓம் மிஸி, ஓம் மிஸி" என்றார்கள் எல்லோரும். எப்போதும் மறுத்துப் பேசுகிறவர்கள் ஒரே குரலில் ஓம் சொன்னதுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

துரை என்றாலும் அவர் வெள்ளைக்காரர் அல்ல. கொழும்பிலே பிறந்த நம் நாட்டவர்தான். தொப்பியும் பேச்சும் மட்டும் வெள்ளைக்காரனுடையவை. தமிழ் தெரியாது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மணலில் சப்பாத்துப் புதையப் புதைய நடந்து வந்தார், வெயிலைக் குறை சொல்லவில்லை. "நீங்கள் எழுதியதை எல்லாம் வாசித்தேன். காட்டுங்கள். கண்டதை அப்படியே எழுதுவேன்" என்று என்னிடம் இங்கிலீசில் சொன்னார். அந்தக் கடைசிப் பேச்சு எனக்கு எவ்வளவு தெம்பைத் தந்தது!

கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வாடிகளுக்கு முன்னால் மணலைக் கூட்டிக் கோலம்போல வரி கீறியிருந்தார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்றன. ஞானஸ்நானச் சட்டை, சின்னச் சப்பாத்து, தலையில் எண்ணெய் வழிந்தது. எல்லாம் கொழுத்த பிள்ளைகள். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வரிசையில் முதலாவது, அரைஞாணில் தங்கம் தொங்க நின்றது, வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியார் வீட்டுப் பிள்ளை. கல்வீட்டில் பசும்பால் குடித்து வளர்கிறது. இரண்டு பிள்ளைகள் தலவிலக் கோயிலடியில் கடை வைத்திருப்பவரின் பிள்ளைகள். மற்றவை வாடிப் பிள்ளைகள்தான். ஆனால் ஐந்து வயது தாண்டி, தாங்களே மீன் சுட்டுத் தின்று தேறியவை. என் பெட்டிசத்தில் இருந்த ஒரு பிள்ளையும் அங்கே இல்லை.

துரை சம்மாட்டியார் வீட்டுப் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினார். "நன்றாக இருக்கிறார்களே!" என்றார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கூட வந்திருந்த விதானையார் தன் சொந்தப் பிள்ளையைப் பாராட்டியதுபோலத் தலையாட்டினார்.

"இவர்கள் இல்லை, துரை. மெலிந்த பிள்ளைகள் வேறு. உள்ளே பாருங்கள்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் பிள்ளையின் வாடிக்குள் ஓடினேன். பிள்ளை இல்லை. நடுக்கம்பில் கயிறு மட்டும் தொங்கியது. வெளியே வந்து தாய்க்காரியைப் பார்த்தேன். அவள் தன் இரண்டு பையன்களுக்கு நடுவில் நின்றாள்.

"இவளுக்கு மூன்று வயதில் ஒரு பெண் பிள்ளை உண்டு. நடக்க முடியாது. பேசாது" என்று துரையிடம் சொன்னேன். விதானையார் தாயிடம் தமிழில் கேட்டார். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்கு இந்த ரெண்டு ஆம்பிளப் புள்ளைகள்தான் ஐயா" என்றாள்.

நான் துரையின் கையைப் பிடிக்காத குறையாக வாடிக்குள் அழைத்துப்போய்க் கயிற்றைக் காட்டினேன். "இதில்தான் கட்டி வைப்பார்கள், இதில்தான்!" குரல் உடைந்து கீச்சென்று வந்தது. துரை கயிற்றைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"ஆட்டுக்குட்டி கட்டின கயிறு" என்றார் விதானையார்.

அந்தக் கரை முழுவதிலும் ஒரு ஆடு கிடையாது. ஆனால் எல்லோரும் தலையாட்டினார்கள். துரை என்னிடம் மிகவும் மரியாதையாக, "உங்களுக்கு வேலை அதிகம் போலிருக்கிறது. கொஞ்சம் லீவு எடுங்கள்" என்றார். இளநீர் குடித்துவிட்டுப் புறப்பட்டார். சொன்னது சொன்னபடி, கண்டதை அப்படியே எழுதினார். அறிக்கையின் பிரதி எனக்கும் வந்தது. இக்கரைப் பிள்ளைகள் நல்ல தேக நிலையில் உள்ளனர், தாய்மார் சுத்தத்தில் அக்கறையுள்ளவர்கள், தனியான சேவை எதுவும் தேவைப்படவில்லை.

அன்று துரையின் வண்டி மறைந்ததும் பின்பக்கத் தாழம்புதருக்குள்ளிருந்து பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சப்பாணிகளும் ஊதின வயிறும் சிரங்கும் எல்லாம் வந்தன. நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். தாய்க்காரி தன் பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் முகத்தில் குற்ற உணர்வே இல்லை. ஒரு நல்ல காரியத்தைச் செய்து முடித்தவள்போல நின்றாள்.

"மானத்தக் காப்பாத்திட்டம் மிஸி" என்றாள்.

"ஏன் ஒளிச்சீங்க? ஏன் இல்லையெண்டீங்க? இவளுக்காகத்தானே அந்த மனுசனக் கூட்டிக்கொண்டு வந்தன்!" என்று கத்தினேன்.

அவள் பயந்துபோனாள். "மீன் கூடையில நல்ல மீனத்தானே மிஸி மேல வைப்பம்? ஏலத்துக்கு ஆள் வந்தா நொந்த மீனக் காட்டுவமா? புள்ள நோஞ்சானாக் கெடந்தாப் பெத்தவளுக்குக் குறையெண்டு நீங்கதானே ஏசினீங்க? அவ்வளவு பெரிய மனுசன் முன்னால என்ர குறைய எப்பிடி மிஸி நான் காட்டுறது?"

வாடி வாடியாகப் போய் நான் போட்ட சத்தம் முழுவதையும் அவள் ஒழுங்காகக் கேட்டிருக்கிறாள். ஒன்றையும் மறக்கவில்லை. கச்சேரிகளை ஏசலாம், விதானையாரை ஏசலாம், ஏசத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளையைத் தாழம்புதருக்குள் அனுப்பியது நான்தான்.

அந்த அறிக்கைக்கு மறுப்பு எழுதினேன். துரை கண்ணால் கண்டு எழுதியதை ஒரு மருத்துவிச்சி மறுப்பதா என்று கேட்டார்கள். மறுபடியும் எழுதினேன். பிறகு பதிலே வரவில்லை. ஒவ்வொரு பருவமும் நானே போய் அந்தப் பிள்ளையைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்துப் பார்ப்பேன். மாதத்தில் இரண்டு முறை அரை மணி நேரம் நிற்க வைத்து யாரும் நடக்கப் பழகுவதில்லை.

யுத்தம் முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு மாசி மாதத்தில், பட்டப்பகலில், தாய்க்காரி கல்பிட்டியில் என் வீட்டுக்கு வந்தாள். கண்டக்குழியிலிருந்து நடந்தே வந்திருந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. பிள்ளைக்கு ஆறு வயது. அதன் கால்கள் தாயின் முழங்காலுக்குக் கீழே தொங்கின. கதிரையில் இருத்தினாள், பிள்ளை சாய்ந்துகொண்டு கூரையைப் பார்த்தது. அதே வயதுப் பிள்ளைகள் கோயில் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கியிருந்தன. இதைச் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"வீட்டுக்காரர் ஒவ்வொரு நாளும் என்னைத்தான் சொல்றார் மிஸி. நீதான் கட்டி வச்சுக் கெடுத்த, நீதான் துரைக்கு ஒளிச்சுக் கெடுத்த எண்டு. கோயிலடியிலயும் அதான் கதை" என்றாள். பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள்: "ஒண்டு கேக்கிறன், ஒளிக்காமச் சொல்லுங்க. அண்டைக்கு நான் இவளக் காட்டியிருந்தா, பால் வந்திருந்தா, கொட்டில் வந்திருந்தா, இவள் நடந்திருப்பாளா?"

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். அந்தப் பதிலைத்தான் நான் இத்தனை வருடமாக எல்லாக் கந்தோருக்கும் எழுதிக்கொண்டிருந்தேன். பீப்பாவைப் பிடித்து அது நின்றதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். அவளும் கண்டிருக்கிறாள்.

"இல்ல" என்றேன். "நடந்திருக்க மாட்டாள். இது பிறவிக் குறை. பால் குடிச்சாலும் இப்பிடித்தான். கட்டி வச்சதாலயும் இல்ல, ஒளிச்சதாலயும் இல்ல."

"அண்டைக்கு நிண்டாளே மிஸி?"

"அது சும்மா. அது நிக்கிறதில்ல."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல, "அப்பிடியெண்டா அத எழுதித் தாங்க. அவருக்குக் காட்டோணும்" என்றாள்.

"அவருக்குத்தான் வாசிக்கத் தெரியாதே."

"சீல் இருந்தா நம்புவார்."

மேசை லாச்சியிலிருந்து அரசாங்கத் தாளை எடுத்தேன். பிள்ளையின் இயலாமை பிறவியிலேயே ஏற்பட்டது, பராமரிப்புக் குறைவினால் வந்ததல்ல என்று எழுதிக் கையெழுத்து வைத்து, மேலே முத்திரை குத்திக் கொடுத்தேன். விதானையாரின் சிபாரிசு வேண்டியிருக்கவில்லை. அவள் தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, பிள்ளையை மறுபடியும் இடுப்பில் தூக்கினாள். "இனி நிம்மதி மிஸி" என்றாள். வாசல்வரை போய் நின்று பார்த்தேன். வரும்போது இருந்ததைவிட விரைவாக நடந்தாள்.

மேசையில், புதிதாக அமையப்போகிற சுகாதாரக் கமிட்டிக்கு நான் எழுதிக்கொண்டிருந்த பெட்டிசம் கிடந்தது. வாடிப் பிள்ளைகளுக்குக் கொட்டில் கேட்டு எழுதியது. முதல் பக்கம் முழுவதும் அந்தப் பெண் பிள்ளையின் கதை: ஆறு கிழமைப் பாலில் எழுந்து நின்றது, பேசியது, நிறுத்தியதும் விழுந்தது. என்னிடம் வேறு அத்தாட்சி இல்லை. பிறவிக் குறை என்று நானே முத்திரை குத்திக் கொடுத்த பிள்ளையை இனி எந்தக் கமிட்டிக்கு முன்னாலும் கொண்டுபோய் நிறுத்த முடியாது. அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.